நீங்க சொல்லித்தான் போனேன்: வாரப் பரிந்துரையும் அதற்கப்புறம் நடந்ததும்

குடுமியான்மலைக்காரன்:

வெள்ளிக்கிழமை ஆனால் ஆளுக்கொரு புத்தகம், தொடர், நாடகம், சாப்பாட்டுக் கடை என்று சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டுப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, நானே ஆரம்பிக்கிறேன்.

போன பங்குனியில் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைத்திருந்தார்கள். ஸ்பெஷல் நாடகம் உங்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர். ஒத்திகை கிடையாது, அன்று ராத்திரிதான் மேடையில் சந்திப்பார்கள். என்னோடு வேலை பார்க்கிறவர், சென்னையிலேயே வளர்ந்தவர், "ஒரு தடவையாவது பாக்கணும் சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "சனிக்கிழமை வாங்க, பத்து மணிக்கு ஆரம்பிச்சிருவாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆர்மோனியக்காரர் பாட்டு, பிறகு பபூன், பிறகு பபூனும் டான்ஸும். பேச்சு கொஞ்சம் பச்சையாகத்தான் போனது. பன்னிரண்டரைக்கு எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், "வர்றோம் சார், பிள்ளைக்குத் தூக்கம்" என்று கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்கு மேல்தான் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம். வள்ளியாக வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நாடகம் தொடங்குமுன் மேடைக்குப் பின்னால் நாரதரிடம் "அண்ணே, உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று சுருதியைக் கேட்டது என் காதில் விழுந்தது. அதுதான் அவர்களுடைய மொத்த அறிமுகம். அதே அம்மா தினைப்புனத்தில் நின்று ஆலோலம் பாடி, கேள்விக்குக் கேள்வி மடக்கி, நாரதரை இரண்டு நிமிஷம் வாயடைக்க வைத்தார். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தார். அவர் பாட்டுகளுக்கு நடுவே அந்த நொடியில் பிறந்த பேச்சு அது, இனி எந்த ராத்திரியும் அப்படியே வராது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் பெட்ஷீட் விரித்திருந்த இடத்தில் வெறும் மண்.

திங்கட்கிழமை "நல்லாருந்துச்சு சார்" என்றார். மேலே ஒன்றும் பேசவில்லை.

செய்யாற்றுப் பெண்:

அண்ணா, என்னை அனுப்பியவரும் இப்படித்தான் பாதி சொல்லி அனுப்பினார். எனக்குச் சொன்னது பாரதக் கூத்து. "பதினெட்டாம் நாள் படுகளம், விடாதே" என்றார். பிறந்தது செய்யாறு என்றாலும் பள்ளிக்கூடமெல்லாம் வெளியூரில். புரிசை எங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை, தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் ஊர். அதைக்கூட வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

படுகளம் என்றால் மேடை என்று நினைத்துப் போனேன். போனால் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான், ஒரு வீடு நீளத்துக்கு. சுற்றிலும் ஊரே நிற்கிறது. நான் முன்னால் போய் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். பின்னாலிருந்து ஒரு பாட்டி என் முதுகைத் தொட்டு, "அம்மா முடி முடியிற நேரம்மா. கொஞ்சம் குந்திக்கோ, நான் பாக்கணும்" என்றார்.

குந்தினேன். துரியோதனன் தொடையைப் பிளந்து, அந்தச் சிவப்பைத் தொட்டு, திரௌபதி இத்தனை நாள் விரித்துப் போட்டிருந்த கூந்தலை முடிந்து பூ வைத்தபோது பாட்டி தன் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். வேஷம் கட்டியவர் ஆண் என்பது அவருக்குத் தெரியும். அவர் பேரைச் சொல்லி "நல்லா கட்னாம்பா" என்று பிறகு மெச்சவும் செய்தார். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அது அம்மாதான். என் போனில் பதிவாகியிருப்பது மண்ணும் என் கால்விரலும். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வைகை வடகரை:

நான் சொன்னது கடை. பேர் சொல்ல மாட்டேன், ஏன் என்று படித்தால் புரியும்.

மதுரையில் ஒரு அக்கா வீட்டு முன்கட்டில் மெஸ் வைத்திருக்கிறார். மதியம் மட்டும்தான். நாற்பது பேருக்கு உலை வைப்பார், அயிரை மீன் குழம்பு வாரத்தில் இரண்டு நாள். சாப்பிட வருகிறவர்களில் முக்கால்வாசி லோடுமேன்கள். நான் மனதாரப் புகழ்ந்து, வழி போட்டு, படமும் போட்டு எழுதினேன். யாரோ அதை எடுத்து வீடியோவாக்கிவிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை போனால் வாசலில் கார்கள். ஒன்றே காலுக்கே சோறு தீர்ந்துவிட்டது. ஒன்றரைக்கு, எப்போதும் வருகிற ஒரு பெரியவர் தோளில் துண்டோடு எட்டிப் பார்த்தார். அக்கா கையைப் பிசைந்துகொண்டு, "அண்ணே, ரசம் மட்டும்தாண்ணே கிடக்கு" என்றார். அவர் "இருக்கட்டும் தாயி" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். கோபப்படவே இல்லை. என் இலையில் பாதிச் சோறு இருந்தது. அதற்கப்புறம் எனக்கு இறங்கவில்லை.

கொள்ளிடத்துக்காரர்:

வைகை வடகரை அவர்களே, அப்படியானால் நல்ல கடையை யாருக்கும் சொல்லவே கூடாதா? அந்த அக்காவுக்கு நாற்பது இலைக்குப் பதில் எண்பது இலை போனால் நல்லதுதானே? தப்பு சொன்னதில் இல்லை, சொன்ன விதத்தில். குடுமியான்மலை நண்பருக்கும் இதே பதில்தான்.

இருபது வருஷமாகக் கடை தேடித் திரிகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கடையைச் சொல்லும்போது நேரத்தையும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆம்பூரில் பிரியாணி என்றால் பன்னிரண்டு மணிக்கே போய்விட வேண்டும், மூன்று மணிக்குப் போய் அடித்தட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று எழுதக் கூடாது. திண்டுக்கல்லோ ஆம்பூரோ, சீரக சம்பா பிரியாணிக்கு அரிசி சின்னது, ஆறினால் கட்டிப் போகும், பார்சல் வாங்கி ஊருக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டு மார்க் போடாதீர்கள். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா சாயங்காலம்தான், காலையில் போய்க் கதவைத் தட்டிவிட்டு ஏமாந்தேன் என்று எழுதுகிறவர்களை வருஷத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு இருட்டின பிறகு போங்கள், கல்லில் எண்ணெய் காய்ந்து, போட்டு எடுத்த கையோடு இலைக்கு வரும், மொறுமொறுப்பு பத்து நிமிஷம்தான். புரட்டாசியில் அசைவக் கடையைச் சொன்னால் சின்னக் கடைகளில் அன்றைக்குப் போடுகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். காபிக்கு, பித்தளை டவரா செட் வைத்திருப்பதெல்லாம் கும்பகோணம் டிகிரி காபி இல்லை; பாலில் தண்ணீர் விடாமல், டிகாக்‌ஷன் அப்போதைக்கு இறக்கியதா என்று பாருங்கள். இன்னொன்று, பத்து இலைக்கு மேல் போடாத வீட்டுக் கடையை வீதி பேரோடு எழுதாதீர்கள், நேரில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

என் அனுபவம் என்று கேட்டால், என் மைத்துனரை ஒரு கடைக்கு அனுப்பினேன், அன்று அமாவாசை, கடை இல்லை. அவ்வளவுதான்.

வைகை வடகரை:

எண்பது இலை போட அந்த அக்காவுக்கு இரண்டு கைதான் இருக்கிறது ஐயா. கூட்டம் மூன்று வாரத்தில் வேறு கடைக்குப் போய்விட்டது. அந்தப் பெரியவரை அதற்கப்புறம் நான் அங்கே பார்க்கவில்லை. நான் சொன்னது அதைத்தான்.

பாட்டி வீட்டுப் பேத்தி:

புத்தகம் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது எங்கள் பாட்டி பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு பைண்டு பண்ணி வைத்திருந்தார். எனக்குப் பதின்மூன்று வயதில் "லீவுல இதப் படி" என்று மடியில் தூக்கி வைத்தார். ராத்திரி பகலாகப் படித்துக் கடம்பூர் மாளிகை வரை வந்துவிட்டேன். விளக்கு அணைகிறது, இருட்டு. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் இரண்டு வாரம் தள்ளி எங்கேயோ போகிறது. நடுவில் பக்கங்கள் இல்லை.

அடுப்படிக்கு ஓடினேன். பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அந்த ரெண்டு வாரமும் உங்க மாமா பொறந்து ஆஸ்பத்திரில கெடந்தேன்டி. பக்கத்து வீட்டு மாமி வந்து கதையாச் சொன்னா" என்று சொல்லி, கீரையைக் கீழே வைத்துவிட்டு, ஆதித்த கரிகாலனை யார் குத்தினது, எந்தக் கையால், அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது.

கல்லூரியில் நூலகத்தில் முழுப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன். யார் குத்தியது என்று கல்கி அப்படிப் போட்டு உடைக்கவே இல்லை. மாமி சொன்னதா, பாட்டி சேர்த்ததா? கேட்கலாம் என்று ஊருக்கு வந்தபோது பாட்டிக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. யாருக்கும் இந்த நாவலைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, ஏனென்றால் நான் படித்ததும் அவர்கள் படிக்கப்போவதும் ஒன்றில்லை.

கொள்ளிடத்துக்காரர்:

அம்மா, படிக்காதவர்களும் இங்கே இருக்கிறார்கள். கொலையை இப்படிச் சொல்லலாமா?

பாட்டி வீட்டுப் பேத்தி:

ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிறது ஐயா. கல்கிக்கு ஆயிரம் வருஷம் முந்தி.

ஷார்ஜா நர்ஸ்:

சின்னதாக ஒன்று. அம்மாவுக்கு ஒரு தொடர் பார்க்கச் சொன்னேன், வாரம் ஒரு பாகம் வரும். அம்மா ராமநாதபுரத்தில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நைட் டியூட்டி முடித்துக் கூப்பிடுவேன், இரண்டு பேரும் அதைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவோம். பதினாறு வாரம். முடிந்த அன்றைக்கு "எப்பிடிம்மா இருந்துச்சு?" என்றேன். "எனக்கு மொதல் வாரமே புடிக்கல தாயி. நீ கூப்புடுவல்ல, அதான் பாத்தேன்" என்றார்.

அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது பதினாறு வாரத்துக்குக் குறையாமல் வருகிற ஒன்று சொல்லுங்கள். வயலும் கோயிலும் இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்கும்.

குடுமியான்மலைக்காரன்:

எல்லாவற்றையும் படித்தேன். கொள்ளிடத்து ஐயா, நேரத்தைச் சொல்லாதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். நேற்று அந்த நண்பரிடம் பேசினேன். பபூன், டான்ஸ் எல்லாம் முன்னிரவோடு சரி, கதை அதற்கப்புறம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். "பொண்ணு பக்கத்துல இருந்தா சார், எனக்கு எங்க பாக்குறதுன்னே தெரியல. வள்ளி வந்தாங்களா?" என்று கேட்டார். தர்க்கத்தை நினைவிருக்கிற வரை சொன்னேன். பாதி மறந்துபோயிருந்தது.

இந்த வாரத்துக்கு என் பரிந்துரை: வரும் சனி ராத்திரி, இலுப்பூர்ப் பக்கம், பவளக்கொடி. குழந்தைகளோடு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி, ஒன்றரைக்கு வாருங்கள். போர்வையும் கொசுவத்தியும் கொண்டுவாருங்கள். அந்த நண்பர் என் வீட்டில்தான் படுக்கிறார், நான் எழுப்பிக் கூட்டி வருகிறேன்.