ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றியும் நெட் கம்பெனியின் விளம்பரப் பக்கமே வருகிறது, ஏன்?

தறி:
இல்லாத முகவரியைத் தட்டினால் பிழைச் செய்திக்குப் பதில் நெட் கம்பெனியின் விளம்பரப் பக்கம் திறக்கிறது. என்கிரிப்ட் (குறியாக்கம்) செய்யாத எச்டிடிபி தளங்களின் சோர்ஸில் தளக்காரர் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் வரியும் இருக்கிறது. ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) கூகுளின் 8.8.8.8 ஆக்கியும் மாற்றமில்லை.

கம்பிவலை:
முதலில் ஐபிவி6 (ஐபிவி4க்கு அடுத்து வந்த புதிய முகவரி முறை) பாருங்கள். ஐபிவி4 பக்கம் மட்டும் 8.8.8.8 போட்டிருந்தால், ஐபிவி6 வழியாகக் கம்பெனியின் டிஎன்எஸ் முகவரி கணினிக்கு வந்துகொண்டே இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்.

அது சரியாக இருந்தால், டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் என்எஸ்லுக்அப் கட்டளையில் எக்ஸாம்பிள்.காம் என்று கொடுத்து, சர்வராக 192.0.2.1 போடுங்கள். ஆவணங்களில் உதாரணம் காட்டவென்றே ஒதுக்கப்பட்ட முகவரி அது. அங்கே சர்வரே கிடையாது. பதில் வராமல் டைம்அவுட் ஆக வேண்டும். விடை வந்தால், டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டில் போகும் கேள்விகளை வழியில் மறித்துப் பதில் சொல்கிறார்கள். கம்பெனி கொடுத்த ரவுட்டரே மறிப்பதும் உண்டு. 8.8.8.8 ஆனாலும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆனாலும் பலன் ஒன்றுதான்.

போர்ட்853:
தீர்வு, கேள்வியை என்கிரிப்ட் செய்வது. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறது. 'ஆட்டோமேட்டிக்'கில் விடாதீர்கள்: என்கிரிப்ஷன் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் பழைய 53க்கே திரும்பிவிடும். ஹோஸ்ட்நேம் கட்டத்தில் டிஎன்எஸ்.கூகுள் என்று ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பிரைவேட் டிஎன்எஸ் போகும் 853ஆம் போர்ட்டைக் கம்பெனி அடைத்திருந்தால், ஃபயர்ஃபாக்ஸில் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸை 'மேக்ஸ் ப்ரொடெக்‌ஷன்' நிலையில் வையுங்கள். அது 443இல் போவதால் சாதாரண வலைப் போக்குவரத்தோடு கலந்துவிடும்.

ஸ்கிரிப்ட் வரி வேறு நோய். அது வழியில் பக்கத்துக்குள்ளேயே செருகப்படுவது, டிஎன்எஸ் மாற்றினால் போகாது. பிரவுசரில் எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோடை (என்கிரிப்ட் செய்த இணைப்பு மட்டும்) போடுங்கள்.

வேர்:
ஒன்று சேர்க்கிறேன். இதெல்லாம் செய்தாலும் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். இணைப்பு தொடங்கும்போது எஸ்என்ஐ என்ற பகுதியில் தளத்தின் பெயர் வெளிப்படையாகவே போகிறது. ஈசிஎச் (இந்தத் தொடக்கச் செய்தியையும் என்கிரிப்ட் செய்யும் முறை) உள்ள தளங்களில் மட்டும் அது மறையும். எச்டிடிபிஎஸ்ஸில் பக்கத்தின் உள்ளடக்கம் தெரியாது, திருத்தவும் முடியாது. அமெரிக்காவில் வெரைசான் 2012 முதல் மொபைல் வாடிக்கையாளர்களின் எச்டிடிபி கோரிக்கைகளில் ஓர் அடையாள எண்ணைச் செருகியது. குக்கீயை அழித்தாலும் அந்த எண் போகாது. 2016இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 13.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. எச்டிடிபிஎஸ்ஸில் அப்படிச் செருக வழியில்லை.

அதனால்தான் கஜகஸ்தான் 2019இல் மக்களையே ரூட் சர்டிஃபிகேட் நிறுவச் சொன்னது; அதை நிறுவினால், இடையில் இருப்பவர் தளம்போல் நடித்து எச்டிடிபிஎஸ்ஸையும் பிரித்துப் படிக்கலாம். கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் தங்கள் பிரவுசர்களில் அதைத் தடுத்தன. 'நெட் வேண்டுமானால் இந்தச் சர்டிஃபிகேட்டைப் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் போடாதீர்கள்.

தறி:
192.0.2.1 விடை தந்தது. பிரைவேட் டிஎன்எஸ் போட்டதும் விளம்பரப் பக்கம் போய்விட்டது. ஹோட்டல் வைஃபையில் மட்டும் லாகின் பக்கம் திறக்கவில்லை.

போர்ட்853:
ஹோட்டல் வைஃபை பெரும்பாலும் டிஎன்எஸ்ஸை மறித்தே லாகின் பக்கம் காட்டும், அதனால் லாகின் முடியும்வரை பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆஃப் செய்யுங்கள். முடிந்ததும் மறக்காமல் ஹோஸ்ட்நேமுக்குத் திருப்பிவிடுங்கள்.