விண்டோஸ் 98 எஸ்ஈ: திருத்திய டிரைவரையே வெளியிடலாமா, பேட்ச் மட்டும்தானா?

தட்டச்சன்:
வணக்கம். விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனுக்கு அதிகாரப்பூர்வமற்ற அப்டேட் தொகுப்பு ஒன்று தயாராகிறது. முக்கியத் திருத்தம் ஈஎஸ்டிஐ_506.பிடிஆர் என்ற ஐடிஈ (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) டிரைவரில். மூலக் கோப்பு டிஸ்க்குக்கு 28 பிட் செக்டர் முகவரிதான் அனுப்பும், அதனால் 137 ஜிபி வரைதான் எட்டும். 137 ஜிபி-யைத் தாண்டி எழுதும் தரவு டிஸ்க்கின் தொடக்கத்துக்கே சுற்றி வந்து விழுந்து எஃப்ஏடி அட்டவணையை (எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற பதிவு) நாசமாக்கிவிடும். இதோடு மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஹாட்ஃபிக்ஸ்கள் (தனித்தனிப் பிழைத்திருத்தங்கள்), 98-க்கு அடுத்து வந்த விண்டோஸ் எம்ஈ-யின் ஸ்கேன்டிஸ்க், டிஃப்ராக் ஆகிய டிஸ்க் பராமரிப்புக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே இன்ஸ்டாலரில் போட எண்ணம். 98-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2006 ஜூலை 11-ஓடு முடிந்துவிட்டது. காசும் வாங்கப்போவதில்லை. எதில் கை வைக்கலாம், எதில் கூடாது?

சட்டப்புள்ளி:
ஆதரவு முடிந்தால் பதிப்புரிமையும் முடிந்தது என்று ஆகாது. 'அபாண்டன்வேர்' (கைவிடப்பட்ட மென்பொருள்) என்பது பேச்சுவழக்குதான், சட்டம் அப்படி ஒரு வகையை வைத்திருக்கவில்லை. நிறுவனத்துக்காக எழுதப்பட்ட படைப்புக்கு அமெரிக்காவில் வெளியானதிலிருந்து 95 ஆண்டு உரிமை. 1999-இல் வந்த எஸ்ஈ-க்கு 2094 கடைசிவரை ஓடும். இலவசமாகக் கொடுப்பதால் அனுமதி கிடைத்துவிடாது.

இந்தியாவில் இருந்து செய்கிறீர்கள் என்றால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1) பிரிவைப் படியுங்கள். (ஏசி) உட்பிரிவு, நிரல் இயங்கும் விதத்தை ஆராய விடுகிறது. (ஏடி), முறையாகப் பெற்ற பிரதியைச் சொந்த, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மாற்றியமைக்க விடுகிறது. அந்த 'சொந்த' என்ற சொல்தான் எல்லைக்கோடு. உங்கள் கணினியில் டிரைவரைத் திருத்துவது ஒன்று, திருத்திய டிரைவரை ஊருக்கெல்லாம் கொடுப்பது வேறு. அமெரிக்கச் சட்டத்தின் 117-ஆம் பிரிவும் இப்படித்தான்: பிரதியின் உரிமையாளர் மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதை இன்னொருவருக்குத் தர பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். அதிலும் 2010-இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில், உரிமம் மட்டும் பெற்றவர் பிரதியின் 'உரிமையாளர்' ஆகமாட்டார் என்று தீர்ப்பானது. ஐரோப்பா கொஞ்சம் தாராளம். பிழை திருத்துவதற்காக டீகம்பைல் (இயங்கு கோப்பிலிருந்து மூலக் குறியீட்டை மீட்பது) செய்யலாம் என்று 2021-இல் டாப் சிஸ்டம் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதுவும் முறையாக வாங்கியவருக்குத்தான்.

ஆக, டிரைவரை அப்படியே ஏற்றாதீர்கள். பயனர் தன் கோப்பில் செய்துகொள்ளும் மாற்றங்களை மட்டும் கொண்ட பேட்ச் கொடுங்கள்.

விஎக்ஸ்டி:
பேட்ச் என்றாலும் எந்த மாதிரி பேட்ச் என்று பார்க்க வேண்டும், பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஈஎஸ்டிஐ_506.பிடிஆர் விஷயத்தில் 'இந்த ஆஃப்செட் (கோப்பில் உள்ள இடம்), பழைய பைட், புதிய பைட்' என்ற பட்டியல் போதும். சேர்த்த குறியீடு முழுக்க உங்களுடையது. 98-இன் ஸ்கேன்டிஸ்க்கிலிருந்து எம்ஈ-யின் ஸ்கேன்டிஸ்க்குக்கு பிஎஸ்டிஃப் (இரு கோப்புகளின் வித்தியாசத்தைப் பேட்சாக்கும் கருவி) போட்டால் கதை வேறு. பழைய கோப்பில் இல்லாத எம்ஈ குறியீடு, சுருக்கிய வடிவில் பேட்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பேட்ச் அளவு புதிய கோப்பின் அளவை நெருங்கினால், அவர்கள் கோப்பைத்தான் வேறு உறையில் அனுப்புகிறீர்கள்.

எம்ஈ கோப்புகளைத் தேடுவதன் காரணம் தெரியும். 98-இன் ஸ்கேன்டிஸ்க் 16 பிட் நிரல். எஃப்ஏடி அட்டவணை 16 எம்பி-யை நெருங்கினால் அதால் கையாள முடியாது. 32 கேபி கிளஸ்டரில் (டிஸ்க் இடம் ஒதுக்கப்படும் அலகு) அது சுமார் 127.5 ஜிபி பார்ட்டிஷனில் வந்துவிடும். டிஸ்க்கை 120 ஜிபி-க்கு மிகாத பார்ட்டிஷன்களாகப் பிரிக்கச் சொல்லிவிட்டால் எம்ஈ கோப்பே தேவைப்படாது. சட்டச் சிக்கலும் அதோடு போயிற்று.

இன்ஸ்டாலர் முதலில் பயனரின் கோப்பைப் பார்க்கட்டும்: அளவு, எஸ்எச்ஏ-256 ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்). பதிப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், வேறு யாரோ ஏற்கெனவே திருத்திய கோப்பாக இருக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் எதையும் தொடாமல் நின்றுவிட வேண்டும். விண்டோஸ் ஓடும்போது கோப்பு பூட்டியிருக்கும். அதனால் டாஸ் முறையில் துவக்கி, சிஸ்டம் கோப்புறைக்குள் இருக்கும் ஐஓசப்சிஸ்-இல், பழையதற்கு ஒரு நகல் வைத்துவிட்டு மாற்றுங்கள்.

கோப்பகன்:
ஹாட்ஃபிக்ஸ் பற்றி ஒரு முன்னுதாரணம் உண்டு. ஆட்டோபேட்சர் என்ற அப்டேட் தொகுப்பு மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட்களைத் தனக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. 2007 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதால் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு, கோப்புகளை மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்தே இறக்கும் கருவியாகத் திரும்பி வந்தது. இன்று 98-க்கு அந்த வழி உதவாது. எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் கையொப்பமிட்ட கோப்புகளை 2020 ஆகஸ்ட்டில் டவுன்லோட் சென்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹாட்ஃபிக்ஸ்களின் கேபி எண் (மைக்ரோசாஃப்ட் கட்டுரை எண்), கோப்புப் பெயர், ஹேஷ் மட்டும் பட்டியலாகக் கொடுங்கள். பயனர் தன்னிடமுள்ளதை ஒரு கோப்புறையில் போட்டால் இன்ஸ்டாலர் சரிபார்த்து நிறுவட்டும். எத்தனையோ தொகுப்புகள் ஹாட்ஃபிக்ஸோடு இத்தனை ஆண்டுகளாக இணையத்தில் கிடக்கின்றன என்பது உண்மைதான். கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள், உரிமத்தை எழுதிக் கொடுக்கவில்லை.

தட்டச்சன்:
நன்றி, எம்ஈ கோப்புகளை எடுத்துவிடுகிறேன். இன்னொன்று: குழுவில் ஒருவர் கசிந்த விண்டோஸ் 2000 மூலக் குறியீட்டைப் பார்த்துச் சில ஓட்டைகளை அடைக்கலாம் என்கிறார்.

சட்டப்புள்ளி:
வேண்டவே வேண்டாம் நண்பரே. அதைப் பார்த்தவர் எழுதும் ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்குள்ளாகும். அப்படி ஒரு சந்தேகம் எழுந்ததற்கே விண்டோஸுக்கு இணக்கமான திறந்த மூல இயங்குதளமான ரியாக்ட்ஓஎஸ் திட்டம் 2006-இல் வேலையை நிறுத்தித் தன் மொத்தக் குறியீட்டையும் தணிக்கை செய்ய வேண்டியதாயிற்று. டாஸ் பக்கம் ஏதாவது தேவையென்றால் எம்எஸ்-டாஸ் 1.25, 2.0, 4.00 மூலக் குறியீடுகள் எம்ஐடி உரிமத்தில் முறையாகவே கிடைக்கின்றன. 6.22-உம், 98-க்குள் இருக்கும் டாஸ் 7.10-உம் அதில் சேராது. டாஸுக்கு இணக்கமான ஃப்ரீடாஸும் உண்டு, அது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது.

விஎக்ஸ்டி:
வெளியிடும் முன் ஒரு சோதனை. 160 ஜிபி டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷன் போட்டு, முதலாவதில் உள்ள கோப்புகளின் ஹேஷைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை முழுக்க நிரப்பி, மறுதுவக்கம் செய்து, முதலாவதை மறுபடி சரிபாருங்கள். ஒரு ஹேஷ் மாறியிருந்தாலும் முகவரி இன்னும் சுற்றுகிறது என்று பொருள். பயாஸும் (கணினியைத் துவக்கும் நிரல்) 48 பிட் செக்டர் முகவரியை ஆதரிக்க வேண்டும், அதை ரீட்மியில் முதல் வரியாகவே போடுங்கள்.