35 மி.மீ. ஸ்பிரிங் போட்ட பிறகு போலோ திரும்ப மறுக்கிறது: அடுத்து எதை மாற்றுவது?

கேள்வி (பாளையங்கோட்டை)

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். வண்டி 2017 வோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போவதும் இதில்தான். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை கோயம்புத்தூர் பக்கம் ஆட்டோகிராஸ் ஓட்டுகிறேன். கோன் நட்டு, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கும் போட்டி. அதற்கும் இதே வண்டியில்தான் போய், இதே வண்டியில்தான் திரும்ப வேண்டும்.

மார்ச் மாதம் வண்டியை 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். ஷாக் அப்சார்பர் பழையதே. அதற்குப் பிறகுதான் தொந்தரவு. கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டும் ஸ்லாலமில் முதல் இரண்டு கோன் வரை சொன்னபடி திரும்புகிறது, மூன்றாவதில் முன்பக்கம் சட்டென்று பிடியை விட்டு நேராகப் போகிறது. அதே மைதானத்தில், கிட்டத்தட்ட அதே கோன் அமைப்பில், முன்பு 58.4 வினாடி எடுத்தேன்; இப்போது 59.6. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்னால் 'டொக்' என்று ஓர் அடி. தாழையூத்து தாண்டி நான்குவழிச் சாலையில் 90-இல் போகும்போது ஒரு பள்ளம் வந்தால், பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது. அம்மா பின் சீட்டில் உட்காரவே யோசிக்கிறாள்.

கையில் 90,000 ரூபாய் வைத்திருக்கிறேன். காயில்ஓவர் (உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) வாங்கலாமா, நல்ல ஷாக் மட்டும் போதுமா, பின்னால் ஆன்டி-ரோல் பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடலாமா? ஒவ்வொரு கடையில் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில் (நாகர்கோவில்)

யோசிக்காமல் காயில்ஓவர் போடுங்கள். உயரமும் நம் கையில், டேம்பிங்கும் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் அளவும்) நம் கையில். நான் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, வருத்தம் இல்லை.

பதில் (வள்ளியூர்)

தம்பி, பணத்தை இப்போதைக்குப் பெட்டியிலேயே வை. முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல். அதற்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

ஒன்று, முன்பக்கம் ஷாக்கின் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, ராடில் மெல்லிய கேபிள் டை ஒன்றைக் கட்டு. அதைக் கீழே ஷாக் உடம்பின் வாய் வரை இறக்கி வை. அங்கிருந்து மேலே பம்ப் ஸ்டாப்பின் (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) அடிமுனை வரை எத்தனை செ.மீ. என்று ஸ்கேல் வைத்து அள. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் கணக்கு தப்பாகிவிடும். பிறகு உறையை இறக்காமல் பத்து கி.மீ. ஓட்டு, இரண்டு வேகத்தடையும் நாலு திருப்பமும் இருக்கட்டும். டை எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்.

இரண்டு, டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் நான்கு இடத்தில் கோடு போட்டு, காலியான இடத்தில் வேகமாக இரண்டு வட்டம் அடி. கோடு எதுவரை அழிந்திருக்கிறது? பெரும்பாலான டயரில் தோளில் சின்ன முக்கோணம் இருக்கும், அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடிகிறது என்று பொருள்.

மூன்று, டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் படி. 2419 என்று இருந்தால் 2019-இன் 24-ஆவது வாரத்தில் செய்தது. அருகில் டிரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டுவது) இருந்தால் அதையும் சொல்.

கேள்வி கேட்டவர்

அண்ணாச்சி, நேற்று சாயங்காலம் மூன்றையும் பார்த்தேன். வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் வாய்க்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே ஒன்றரை செ.மீ.தான் இருக்கிறது. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கேபிள் டை பம்ப் ஸ்டாப்புக்குள் போய்ப் பதிந்திருக்கிறது. இடதுபக்க பம்ப் ஸ்டாப்பின் ஓரம் பிய்ந்து தூளாகக் கொட்டுகிறது. முன் டயர் இரண்டிலும் சாக்பீஸ் கோடு முக்கோணத்தையும் தாண்டி அழிந்துவிட்டது. காற்று 32 வைத்திருந்தேன். டயர் 195/55 ஆர்16, எண் 3718, டிரெட்வேர் 500.

பதில் (வள்ளியூர்)

கேபிள் டையே பாதி விடையைச் சொல்லிவிட்டது. மூன்றாவது கோனில் நடப்பது இதுதான். வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் மேலே ஏற வேண்டும். உனக்கு மிச்சமிருப்பது ஒன்றரை செ.மீ. அது தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது. அந்த நொடியிலிருந்து அங்கே ஸ்பிரிங்கின் வேலை முடிந்து, கல்லு மாதிரி ஒரு ரப்பர்தான் எடையைத் தாங்குகிறது. எடை மொத்தமும் அந்த ஒரு டயர் மேல் பாய்கிறது, டயர் கைவிடுகிறது. வேகத்தடையில் கேட்கும் 'டொக்'கும் அதே இடிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. போலோவின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கே சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்தும் அமைப்பு. கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும். வண்டியைத் தாழ்த்தினால் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். அதற்கு மேலும் அமுங்கும்போது டயரின் தலை உள்ளே சாயாமல் வெளியே சாய ஆரம்பிக்கும். அதனால்தான் தோள் மடிந்து சாக்பீஸ் அழிகிறது. ரோல் சென்டரும் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வண்டியின் எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். ஆக, தாழ்த்திய வண்டி சாய்வதற்கு இன்னும் ஆசைப்படும். நாம் எதற்காகத் தாழ்த்தினோமோ அதுவே கைநழுவிப் போகிறது.

பின்பக்க ஆட்டத்துக்குக் காரணம் ஷாக். 82,000 ஓடிய ஷாக், அதுவும் மென்மையான ஸ்பிரிங்கை அடக்குவதற்காகச் செய்தது. கெட்டியான ஸ்பிரிங் திமிறினால் அதனால் பிடித்து நிறுத்த முடியாது.

நான் உன் இடத்தில் இருந்தால் இப்படிச் செலவழிப்பேன். 35 மி.மீ. ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய ஸ்பிரிங்கையே மாட்டுவேன். அதோடு கம்பெனி உயரத்துக்கென்று செய்த நல்ல ஷாக், பில்ஸ்டீன் பி6 மாதிரி. பி8 வாங்கிவிடாதே, அது தாழ்த்திய வண்டிக்காக நீளம் குறைத்துச் செய்தது. நல்ல காயில்ஓவர் உன் பணத்தைத் தாண்டும். மலிவானதை வாங்கினால் நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் சீல் ஒழுகி, ஒரே வருடத்தில் இதே கேள்வியோடு வந்து நிற்பாய். ஷாக் மாற்றும்போதே பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட், பேரிங், லிங்க் ராடு எல்லாம் புதிதாகப் போடு. கூலி ஒன்றுதான்.

மிச்சப் பணம் டயருக்கு. 500 டிரெட்வேர் என்பது நெடுநாள் உழைக்கச் செய்த கெட்டி ரப்பர், 2018-இல் செய்தது வேறு. அதே அளவில் 300-ஐ ஒட்டிய எண்ணுள்ளது கிடைத்தால் வாங்கு. உன் நேரத்தை அதிகம் குறைக்கப்போவது அந்த நான்கு டயர்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை மெக்கானிக் இறுக்கும்போது பக்கத்திலேயே நில். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையிறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. பல இடங்களில் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள்.

பதில் (தென்காசி)

வள்ளியூர் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பின் ஆன்டி-ரோல் பாரை இப்போது தொடாதீர்கள். முன்சக்கர இழுவை வண்டியில் பின்பக்கத்தைக் கெட்டியாக்கினால் கோன் சுற்றும்போது நன்றாகத் திரும்பும், உண்மைதான். ஆனால் குற்றால சாரல் நேரத்தில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் ஈரச் சாலையில் சட்டென்று பிரேக்கில் கால் வைத்துத் திருப்பினால் வால் வெளியே வரும். பின் சீட்டில் அம்மா இருக்கிற வண்டி. முதலில் ஷாக்கும் டயரும் போட்டு ஒரு போட்டி ஓட்டுங்கள், அப்புறமும் முன்பக்கம் தள்ளினால் பார் பற்றிப் பேசலாம்.

அலைன்மென்டில் முன் டோ-வை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை)ப் பூஜ்யத்தில் வையுங்கள். போட்டிக்கென்று டோ-அவுட் (சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பியபடி) வைத்தால் நான்குவழிச் சாலையில் டயரின் உள்ஓரம் தேய்ந்துபோகும். இந்த வண்டியில் கேம்பரை (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவை) கம்பெனி அமைப்பில் பெரிதாக மாற்ற முடியாது. சப்ஃபிரேமை (லோயர் ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டத்தை) கொஞ்சம் நகர்த்தி இடது வலது சமமாக்கச் சொன்னால் போதும். போட்டி அன்று முன் டயரில் காற்றை 37-இலிருந்து ஆரம்பித்து, சாக்பீஸ் கோடு முக்கோணத்தின் நுனியில் நிற்கும்வரை கூட்டிக் குறைத்துப் பாருங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் (ஏழு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. பழைய ஸ்பிரிங், பி6, புதிய மவுண்ட், நான்கு டயர் என்று எல்லாமாக 90,000-ஐத் தாண்டி இன்னொரு பதினோராயிரம் ஆனது. போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும் என்று நின்று சொன்னேன். மெக்கானிக் அண்ணனும் முகம் சுளிக்காமல் வண்டியை இறக்கி, பள்ளத்துக்குள் இறங்கி இறுக்கித் தந்தார்.

போன ஞாயிறு ஓட்டினேன். 56.9. மூன்றாவது கோனில் முன்பக்கம் பிடித்துக்கொள்கிறது, கடைசி வளைவில் மட்டும் லேசாகத் தள்ளுகிறது. வண்டி முன்னைவிடக் கொஞ்சம் சாய்கிறது, ஆனால் அந்தச் சாய்வு நிதானமாக வருவதால் எங்கே நிற்கும் என்று கைக்குத் தெரிகிறது. காற்று 36-இல் கோடு முக்கோண நுனியில் நின்றது. கேபிள் டை பம்ப் ஸ்டாப்புக்கு இரண்டு செ.மீ. கீழேயே இருக்கிறது.

நேற்று திருச்செந்தூர் போய்வந்தோம். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போதே அம்மா பின் சீட்டில் தூங்கிவிட்டாள்.