ஆரோக்கியப்பச்சை: காணி மக்கள் உண்பது காயையா, இலையையா?

கேள்வி:
அகத்தியமலைக் காட்டில் வளரும் ஆரோக்கியப்பச்சையின் காயைத் தின்று அங்கு வாழும் காணிப் பழங்குடி மக்கள் களைப்பின்றி மலையேறுவார்கள் என்று ஓரிடத்தில் வாசித்தேன். மருந்து செய்யப்படுவது இலையிலிருந்து என்று வேறோரிடத்தில் எழுதியிருக்கிறார்கள். எது சரி? இச்செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க இயலுமா? அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இரண்டும் சரிதான் ஐயா. காயை உண்பது காணிகளின் வழக்கம். இலையிலிருந்து மருந்து செய்தது ஆய்வாளர்களின் வேலை. 1987இல் தாவரவியல் ஆய்வாளர் புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலைக்குச் சென்ற ஆய்வுக் குழுவினர் நடந்து தளர்ந்துபோன நிலையில், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஒரு செடியின் காய்களை அவ்வப்போது மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். குழுவினரும் அதைத் தின்று தெம்பு பெற்ற பிறகு, எந்தச் செடியின் காய் என்று கேட்டபோது, வழிவழியாகக் காத்த அறிவை வெளியாரிடம் சொல்லக் காணிகள் முதலில் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இலையிலும் பயன் உண்டு என்று பின்னர் தெரியவந்ததால், கேரளத்தின் பாலோடு என்னும் ஊரிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தார் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினார்கள்.

மறுமொழி 2:
வீட்டில் வளர்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. நீண்ட காம்பில் இதய வடிவ இலையைத் தாங்கி நிற்கும் இந்தச் சிறு செடி, பசுமைமாறாக் காட்டின் அடர்ந்த நிழலில், ஓடையோரத்து ஈர மண்ணில், மட்கிய சருகுகளுக்கிடையே வளர்வது. வெயிலும் வறண்ட காற்றும் இதற்கு ஒவ்வா. மருந்துக்குத் தேவை பெருகியபோது காட்டுச் செடிகளே பிடுங்கப்பட்டதால், வனத்துறை கடுமையாக எதிர்த்தது.

மறுமொழி 3:
காணிகளுக்குக் கிடைத்த பங்கையும் சொல்லியாக வேண்டும். 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமைத்தொகைக்கும் ஜீவனியின் தயாரிப்பு உரிமம் வழங்கப்பட்டபோது, அவ்வருவாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997இல் அமைந்தது. பழங்குடி அறிவுக்கு உரிய பங்கைத் தர முன்வந்த முன்னோடி முயற்சி இது என்பதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் களைப்பு நீக்கும் காய் என்பதைத் தாண்டி, எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்கப்படும் பொடிகளை நம்பி வாங்காதீர்கள். இதன் ஆற்றல் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் விலங்குகளிடம் செய்யப்பட்டவை. வேறு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஜீவனியையும் தொடங்க வேண்டாம்.