ரெண்டு சின்ன பசங்களோட அஞ்சு நாள் சிட்டி டூர், இந்த பிளான் சரிப்படுமா?

தூக்கம்_தொலைத்தவள்:
எல்லாருக்கும் வணக்கம். பெரியவனுக்கு நாலு வயசு, சின்னவளுக்கு ஒண்ணரை. முதல் தடவையா பிளைட் ஏறி ஒரு பெரிய சிட்டிக்கு அஞ்சு நாள் போறோம், மாமியாரும் கூட வர்றாங்க. வீட்டுக்காரர் எக்செல் ஷீட் போட்டு வச்சிருக்கார், ஒரு நாளைக்கு ஆறு இடம், அதுல மூணு மியூசியம், பாத்ததுமே எனக்கு தலை சுத்திடுச்சு. ஸ்ட்ரோலர் எடுத்துட்டு போகணுமா, ஒரே ரூம் போதுமா, பிளைட்ல காது வலின்னு அழுவாங்களாமே அதுக்கு என்ன பண்றது... போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ். "குழந்தைங்கள வச்சிக்கிட்டு இதெல்லாம் தேவையா"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, அதை எங்க வீட்லயே கேட்டாச்சு.

வாண்டுகளின்_அப்பா:
அந்த ஷீட்ட மொதல்ல டெலீட் பண்ண சொல்லுங்க 😄 நானும் அப்படி போட்டவன்தான். காலைல ஒரு இடம், மதியம் ரூமுக்கு வந்து தூக்கம், சாயங்காலம் முடிஞ்சா ஒரு பார்க், அவ்ளோதான். 1-2 வயசுக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து 11-14 மணி நேரம், 3-4 வயசுக்கு 10-13 மணி நேரம் தூக்கம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல கை வச்சீங்கன்னா சாயங்காலம் நடுரோட்டுல படுத்து உருண்டு வட்டியோட வசூல் பண்ணிடுவாங்க. எங்க பையன் மியூசியத்துக்குள்ள ஒண்ணையும் பாக்கல, லிப்ட்ல மேலயும் கீழயும் போயிட்டே இருந்தான். இப்பவும் அந்த ஊர்ல என்னடா பாத்தன்னு கேட்டா லிப்ட்னுதான் சொல்றான்.

நடைவண்டி:
ஸ்ட்ரோலர் கண்டிப்பா எடுத்துக்கோங்க, ஒரு கையால மடக்குற மாதிரி வெயிட் இல்லாததா. நிறைய ஏர்லைன்ஸ்ல பிளைட் கதவு வரைக்கும் தள்ளிட்டு போக விடுவாங்க, இறங்கினதும் அங்கேயே குடுப்பாங்களா இல்ல லக்கேஜ் வர்ற பெல்ட்ல வருமான்னு மட்டும் முன்னாடியே கேட்டு வச்சிக்கோங்க. மெட்ரோல போனா லிப்ட் இருக்குற ஸ்டேஷனா பாத்து இறங்குங்க, எஸ்கலேட்டர்ல ஸ்ட்ரோலரோட ஏறவே கூடாது, லிப்ட்டுன்னா மாமியார் முட்டிக்கும் நல்லது.

காது விஷயம், ஏறும்போதை விட இறங்கும்போதுதான் ஜாஸ்தி வலிக்கும். மூக்குக்கு பின்னாலருந்து காதுக்கு போற குழாய் சின்ன பசங்களுக்கு ரொம்ப குறுகலா இருக்கும், எதையாவது முழுங்கினா அது திறந்துக்கும். அதனால பிளைட் கீழ இறங்க ஆரம்பிச்சதுமே சின்னவளுக்கு பால், பெரியவனுக்கு ஸ்ட்ரா போட்டு தண்ணி. அந்த நேரம் பாத்து தூங்கிட்டு இருந்தா எழுப்பிடுங்க, கஷ்டமாத்தான் இருக்கும். சளி இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட காட்டிடுங்க.

ரூம் ஒண்ணு பத்தவே பத்தாது. எட்டு மணிக்கு லைட்ட அணைச்சிட்டு நானும் அவரும் பாத்ரூம்ல உக்காந்து கிசுகிசுன்னு பேசிட்டு இருந்தோம், அதுவும் மூணு ராத்திரி.

ஜன்னலோரம்:
மேல சொன்னதுக்கெல்லாம் ஒரு லைக். மியூசியத்தை ஒரேயடியா வெட்டாதீங்க, உள்ள போனதும் மொதல்ல அங்க இருக்குற கடைக்கு போய் நாலஞ்சு போஸ்ட்கார்ட் வாங்கி பெரியவன் கையில குடுங்க, அந்த படத்தை அவனே தேடி கண்டுபிடிக்கட்டும். முக்கா மணி நேரம் ஓடும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

இன்னொண்ணு சொல்லணும், எங்களுக்கே நடந்தது. மெட்ரோல நான் ஏறிட்டேன், அவரும் பொண்ணும் ஏறுறதுக்குள்ள கதவு சாத்திடுச்சு, நான் திரும்பி வர்றேன்னு கிளம்ப அவங்க அடுத்த டிரெய்ன்ல வர, முக்கா மணி நேரம் ஒருத்தர ஒருத்தர் தேடிட்டு இருந்தோம். அதனால முன்னாடியே பேசி வச்சிக்கோங்க: உள்ள இருக்குறவங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே நிக்கணும், வெளிய இருக்குறவங்க அடுத்த டிரெய்ன்ல வரணும். ஆனா குழந்தை மட்டும் பிளாட்பார்ம்ல நின்னுட்டா அது நகரவே கூடாது, நீங்கதான் திரும்பி வரணும். மாமியாருக்கும் சொல்லி வைங்க. அப்புறம் தினம் காலைல கிளம்பும்போது அன்னைக்கு போட்ட டிரஸ்ஸோட பசங்கள ஒரு போட்டோ எடுத்துடுங்க, தேடுற நேரத்துல என்ன கலர் சட்டைன்னு ஞாபகமே வராது.

தூக்கம்_தொலைத்தவள்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ்! இதை அப்படியே அவர்கிட்ட காட்டினேன், முறைச்சிட்டு ஆறை ரெண்டாக்கிட்டார். ரெண்டு ரூம்னதும் மாமியார் "பெரியவன் என்கூட படுத்துக்கட்டும்"னுட்டாங்க. ஆனா ஹோட்டல்ல பக்கத்து பக்கத்து ரூம் குடுப்பாங்களா, இல்ல வேற மாடியில போட்டுடுவாங்களா? புக் பண்ணும்போதே கேக்கணுமா?

நடைவண்டி:
புக் பண்ணும்போதே எழுதி கேளுங்க, நடுவுல கதவு வச்ச ரூமே சில ஹோட்டல்ல இருக்கும். கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி இன்னொரு தடவை கேட்டுடுங்க.