407 வண்டிக்குள் பட்டறை மேசை: ஆட்டம் காணாமல் நிற்க என்ன வழி?

பம்புசெட்டுக்காரர்:
வணக்கம். பழைய டாடா 407 சிறு லாரி ஒன்றை வாங்கி, அதன் மூடிய கூண்டுக்குள் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை அமைத்து, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளுக்குச் சென்று வேலை செய்து வருகிறேன். கூண்டின் உள் அகலம் 6 அடி. இடப்பக்கச் சுவரையொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலத்தில் 18 மி.மீ. பிளைவுட் மேசை ஒன்றைச் செய்து, சுவர்த் தகட்டில் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) வைத்துத் திருகாணியால் முடுக்கியிருந்தேன். நான்கே மாதங்களில் திருகாணித் துளைகள் பெரிதாகிவிட்டன. மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரை 5 அங்குல வைஸில் (மேசை இடுக்கியில்) பிடித்துப் பேரிங்கை இழுத்தால் மேசையும் கூடவே வருகிறது. பில் எழுதுவதும் அதே மேசையில்தான். இம்முறை இரும்புச் சட்டத்தில் செய்ய எண்ணுகிறேன். எதை எதனோடு பிணைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கூடுகட்டி:
நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐயா. குற்றம் பிளைவுட்டில் இல்லை. மேடு பள்ளத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் முறுக்கிக்கொண்டுதான் ஓடும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூண்டும் நெளியும். சுவரின் நெளிவும் தரையின் நெளிவும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், மேசையின் முழு எடையையும் மெல்லிய சுவர்த் தகட்டில் தொங்கவிட்டால் துளை பெரிதாகாமல் என்ன செய்யும்? எடையைத் தரை தாங்கட்டும். சுவர் சாயாமல் பிடித்தால் போதும், அதையும் இரண்டு இடங்களில் ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) வைத்துப் பிடியுங்கள்.

40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனத்தில், மீட்டருக்குச் சுமார் 2.4 கிலோ வரும். உங்கள் மேசைக்கு 13 மீட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 31 கிலோ. முழுவதையும் 50 மி.மீ. குழாயில் 3 மி.மீ. கனத்தில் செய்தால் 58 கிலோவாகிவிடும். அந்தக் கனம் வைஸுக்குக் கீழுள்ள காலுக்கு மட்டும் போதும். பின்பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் குழாய் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் 6 மி.மீ. தகட்டைப் பற்றவைத்து, தரைக்குக் கீழே ஓடும் இரும்புக் குறுக்குச் சட்டமான குறுக்குச் சேனலோடு 10 மி.மீ. போல்ட், நைலான் நட்டு போட்டு முடுக்குங்கள். சேசிஸின் நெடுஞ்சட்டத்தில், அதிலும் அதன் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடவே கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பற்றவைப்பை வண்டிக்கு வெளியிலேயே முடித்துவிடுவது நல்லது.

மரத்தச்சன்:
சட்டத்தைப் பற்றி மேலே உள்ளவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. மேற்பலகைக்கு ஒற்றை 18 மி.மீ. போதாது, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள கடல்தரப் பிளைவுட் இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்கினால், சம்மட்டி அடி துள்ளாது. எடை 28 கிலோவை ஒட்டி வரும். வேங்கைப் பலகை அழகுதான், ஆனால் மூடிய கூண்டின் வெயிலிலும் ஐப்பசி மழையிலும் திடமரம் விரிந்து சுருங்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே ஒரு மெல்லிய பலகையைத் திருகாணியால் மட்டும் பொருத்தினால், கிரீஸ் ஊறியதும் மாற்றிக்கொள்ளலாம்.

பில் எழுத அதே உயரம் சரிப்படாது. நின்று வேலை செய்ய 34 அங்குலம் வேண்டும். வைஸின் வாய் அப்போதுதான் முழங்கை மட்டத்துக்கு வரும். உட்கார்ந்து எழுத 29, 30 அங்குலம் போதும் என்பதால், மேசைக்கு அடியில் இழுத்து விடும் எழுதுபலகை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு இல்லாத இழுப்பறை முதல் வளைவிலேயே திறந்துகொள்ளும்.

ஆர்.சி. புத்தகம்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கம்பிச்சுருள், கழற்றிய மோட்டார் போன்ற கனமானவற்றை வலப்பக்கத்தில், தரையோடு, பின் அச்சுக்கு முன்னே கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வண்டி இடப்பக்கம் சாய்ந்தே ஓடும்.

பம்புசெட்டுக்காரர்:
அனைவருக்கும் நன்றி. கால் வரவேண்டிய இடத்தில் குறுக்குச் சேனல் இல்லை, அரை அடி தள்ளி இருக்கிறது. வைஸை எங்கே வைப்பது?

கூடுகட்டி:
இரண்டு சேனல்களுக்கும் குறுக்கே ஒரு ஆங்கிளைப் பாலமாகப் போட்டு, அதில் காலை முடுக்கலாம். வைஸ் பின்கதவுப் பக்கத்துக் காலின் நேர்மேலே வரட்டும். அதன் அசையாத தாடை மேசை விளிம்பைவிட ஒரு விரல்கடை வெளியே நிற்க வேண்டும். நீளமான ஷாஃப்ட்டைச் செங்குத்தாகப் பிடித்தாலும் மேசை தடுக்காது; கிடையாகப் பிடித்தால் கதவைத் திறந்து வெளியே நீட்டிக்கொள்ளலாம்.