பையனின் டர்ட் பைக்கில் ஸ்பாஞ்சு ஃபில்டர்: கழுவலாமா, புதிதே போடணுமா?

தோப்புக்காரர்:
எங்கள் தோப்பு கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. பையனுக்குப் பத்து வயது. அவனுக்காக மண்ணில் ஓட்டும் சின்ன பைக், கவாசாகி கேஎல்எக்ஸ் 110, ஒன்று பழையதாக வாங்கினோம், தோப்பு வேலிக்குள் மட்டும்தான் ஓட்டுகிறான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியதிலிருந்து செம்மண் புழுதி தாங்க முடியவில்லை, பக்கத்திலேயே தென்னை நார் மில் வேறு, நார் பிரிக்கும்போது உதிரும் பித் தூள் எங்கே பார்த்தாலும் படிகிறது. இப்போது முறுக்கினால் வண்டி திணறுகிறது, வரப்பு மேட்டில் ஏற இழுவை இல்லை, கரும்புகை வருகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், ஏர் ஃபில்டருக்குக் காற்று அடித்து மாட்டிக் கொடுத்தார்கள், கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடியும் அதே திணறல். கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை ஸ்பாஞ்சு மாதிரி ஒன்று இருக்கிறது, தொட்டால் காய்ந்து சொரசொர என்று இருக்கிறது. இதை வீட்டிலேயே கழுவலாமா, இல்லை புதிதாக வாங்க வேண்டுமா? புதிது வரும்வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் ஏதாவது ஆகுமா?

கோபாலபுரம் மெக்கானிக்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஃபில்டர் இல்லாமல் ஒரு சுற்றுகூட ஓட்ட விடாதீர்கள். அடைத்துப்போன ஃபில்டரால் வண்டி மந்தமாகும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், அவ்வளவுதான், கழுவினால் சரியாகிவிடும். ஃபில்டர் இல்லாமலோ கிழிந்த ஃபில்டரோடோ ஓடினால் மண் நேராக சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும், அப்புறம் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

அடுத்து அந்தக் காற்று விஷயம். ரோட்டில் ஓடும் வண்டிகளில் வரும் உலர்ந்த காகித ஃபில்டருக்கு உள்ளேயிருந்து வெளியே மெதுவாகக் காற்று அடிக்கலாம். உங்களுடைய ஸ்பாஞ்சு ஃபில்டர், அதாவது ஃபோமுக்கு, அது ஆகவே ஆகாது. அழுத்தத்தில் துளை பெரிதாகும், தூளும் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். ஃபோமில் தூசியைப் பிடிப்பதே அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான். உங்களுடையது காய்ந்து சொரசொரவென்று இருக்கிறது என்றால் எண்ணெயே இல்லை, அப்படி ஓட்டுவது ஆபத்து.

கழுவுவது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். ஃபில்டரை எடுத்ததும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பக்கம் போகும் குழாய் வாயில் சுத்தமான துணியைச் செருகிவிடுங்கள், பெட்டியைத் துடைக்கும்போது மண் உள்ளே விழக் கூடாது. ஃபோமை உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கூண்டிலிருந்து உருவி, மண்ணெண்ணெயில் முக்கி உள்ளங்கையில் வைத்து அமுக்குங்கள். துணி பிழிகிற மாதிரி முறுக்கினால் தையலும் ஒட்டிய இடமும் விட்டுப்போகும். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும், ஒட்டுப் பசையையும் கரைக்கும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் அழுக்கு வருவது நிற்கும்வரை அமுக்கிக் கழுவி, நிழலில் நன்றாகக் காய வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் எண்ணெய் சரியாகப் பிடிக்காது.

காய்ந்ததும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு ஃபோம் ஃபில்டர் ஆயிலை ஊற்றி, கவரோடு சேர்த்துப் பிசையுங்கள், கையில் ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒரே நிறம் வர வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. சொட்டினால் எண்ணெய் கார்புரேட்டருக்குப் போய் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். ராத்திரி எண்ணெய் போட்டு வைத்துவிட்டுக் காலையில் மாட்டுவது நல்லது. மாட்டும்போது ஃபில்டர் உட்காரும் விளிம்பில் சுற்றிலும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், மண் அந்த இடுக்கு வழியாகத்தான் நுழையும்.

சித்தூர் செந்தில்:
மெக்கானிக் அண்ணா சொன்னது எல்லாம் சரி. இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் பாடு. கிடைக்காவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து இரண்டு மூன்று முறை ஊறவைத்து அமுக்கினாலும் போகும், நேரம்தான் கூட ஆகும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று சிலர் கேட்பார்கள், வேண்டாம், பிசுபிசுப்பு பத்தாது, தை மாதக் குளிரில் உறைந்தும் போகும். மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வெட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தத் துளை அமைப்பே வேறு.

இரண்டு ஃபில்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எண்ணெய் போட்டுக் கவரில் கட்டி வைத்தால், பையன் ஓட்டி முடித்ததும் மாற்றிவிட்டு மற்றதைச் சாவகாசமாகக் கழுவலாம். இந்தப் பருவத்தில் நார் மில் பக்கம் ஓட்டினால் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் திறந்து பார்ப்பதே நல்லது. கழுவிய மண்ணெண்ணெயைக் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம்.

தோப்புக்காரர்:
நன்றி அண்ணா, நன்றி செந்தில். இன்று சோப்புத் தண்ணீரில் கழுவினேன். தையல் ஓரத்தில் கொஞ்சம் விரிந்திருக்கிறது, அமுக்கும்போது விரலில் பச்சைத் துணுக்கு ஒட்டுகிறது. ஒட்டிப் போட்டுச் சமாளிக்கலாமா?

கோபாலபுரம் மெக்கானிக்:
வேண்டாம். துணுக்கு உதிர்கிறது என்றால் ஃபோம் மக்கிவிட்டது, அந்தத் துணுக்கே கார்புரேட்டருக்குள் போகும். புதிது வரும்வரை வண்டி நிற்கட்டும், தம்பிக்குச் சொல்லிப் புரிய வையுங்கள். மாடலும் வருஷமும் சொல்லி வாங்குங்கள், விளிம்பு கொஞ்சம் மாறினாலும் இடைவெளி விழும்.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக இருந்தால் நிம்மதி. சிவப்பாக மண் வந்தால் குழாயையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்து எஞ்சின் ஆயிலையும் மாற்றுங்கள். கரும்புகை காற்று பத்தாமல் பெட்ரோல் முழுதாக எரியாததால் வருவது, புது ஃபில்டர் போட்டால் பெரும்பாலும் நிற்கும், பிளக்கைக் கழற்றி கரியைத் துடைத்துவிடுங்கள். அதன் பிறகும் புகை நீல நிறமாக வந்தால், ஆயில் மட்டமும் குறைந்தால், ரிங்கில் தேய்மானம் இருக்கலாம். அப்போது ஓட்ட விடாமல் நேராகக் கொண்டு வாருங்கள், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று, பார்த்துச் சொல்கிறேன்.